இட்லிப்பூச் செடி பசியால் மஞ்சளாவதில்லை

மதில் ஓரம் வரிசையாக நட்ட இட்லிப்பூச் செடிகள் மஞ்சளடித்துப் போய்விட்டன என்று ஒரு வீட்டில் கூப்பிட்டிருந்தார்கள். "மாசாமாசம் யூரியா வைக்கிறோம். சாம்பல், முட்டை ஓடு எல்லாம் போடுறோம், தேறவே மாட்டேங்குது" என்றார் அந்த அம்மா. ஒரு கொழுந்தைக் கிள்ளிப் பார்த்தேன். இலை வெளிறிக் கிடக்க, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தது. தோட்டப் பராமரிப்பு வேலையில் நான் அடிக்கடி பார்ப்பது இதைத்தான்.

யூரியா தரும் தழைச்சத்து குறைந்தால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். நுனிக் கொழுந்து இப்படி வெளிறினால் பெரும்பாலும் இரும்புச்சத்து போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். மண்ணில் இரும்பு இருக்கும், செடியால் அதை எடுக்க முடியாது. இட்லிப்பூவுக்குப் புளிப்பான மண் வேண்டும், பி.எச். அளவு (மண்ணின் புளிப்பையும் காரத்தையும் காட்டும் எண், 7-க்குக் கீழே போனால் புளிப்பு) 5 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது. மதில் ஓரத்திலோ கட்டடம் கட்டியபோது கொட்டிய சிமென்ட்டும் சுண்ணாம்பும் மண்ணுக்கடியில் கிடக்கின்றன. மேலே தினமும் போர்த் தண்ணீர் வேறு. மண் காரமாக ஆக, இரும்பு கரையாமல் இறுகிவிடுகிறது. சாம்பலும் முட்டை ஓடும் அந்தக் காரத்தை இன்னும் ஏற்றும். தயவுசெய்து இந்தச் செடிக்கு மட்டும் அவற்றைப் போடாதீர்கள்.

உடனடி வைத்தியம் அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட் உப்பு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து, சிட்ரிக் அமிலம் 1 கிராம் சேர்த்து, சாயங்காலம் இலையில் தெளியுங்கள். இரண்டு வாரம் விட்டு மறுபடியும் தெளிக்கலாம். டைல்ஸிலும் சுவரிலும் பட்டால் துருக்கறை போகாது, பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் மண் மாறாமல் இது நிலைக்காது. வேரைச் சுற்றியுள்ள கட்டடக் கழிவை எடுத்துவிட்டு மட்கிய உரம், கொஞ்சம் கந்தகம் கலந்து, முடிந்தவரை மழைநீர் ஊற்றுங்கள். கந்தகம் வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும், பொறுத்திருக்க வேண்டும்.

பூக்கவில்லை என்பது அடுத்த புகார். மொட்டு கிளை நுனியில்தான் வரும். வேலி போலச் சமமாக இருக்க வேண்டும் என்று மாதாமாதம் கத்தரித்தால் மொட்டும் சேர்ந்து போய்விடும். ஒரு சுற்றுப் பூ உதிர்ந்த பிறகு வெட்டுங்கள், அது போதும்.

அப்புறம், எந்தச் செடியை வாங்குகிறோம் என்பது. சங்க காலத்து வீரர்கள் ஆநிரை கவரப் போகும்போது சூடிய வெட்சிதான் நம் சிவப்பு இட்லிப்பூ. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான செடி. கேரளத்தில் தெச்சி என்பார்கள். காபிச் செடியின் குடும்பம். நர்சரியில் இக்சோரா என்று கேட்டால் மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, வெள்ளை என்று எடுத்து வைப்பார்கள். அவற்றில் கலப்பினங்களும் உண்டு, சீனத்து இனமும் உண்டு. அடையாளம் எளிது: நம்முடையதில் இதழ் நுனி கூர்மையாக இருக்கும், இலை காம்பில்லாமல் தண்டை ஒட்டியிருக்கும். சீன இனத்தில் இதழ் நுனி உருண்டையாக, இலைக்குக் குட்டைக் காம்பு இருக்கும்.

தொட்டிக்கும் நடைபாதை ஓரத்துக்கும் குட்டை ரகம் வசதிதான், நானும் நடுகிறேன். ஆனால் கார மண்ணில் அவை சீக்கிரம் வெளிறுவதையும், பெரிய சிவப்புச் செடி கொஞ்சம் தாக்குப்பிடிப்பதையும் பார்த்து வருகிறேன். ஐந்தாறு அடி உயர இடம் இருந்தால் சிவப்பையே வையுங்கள். அதன் நீண்ட குழல் பூவில் நீள உறிஞ்சிக் குழலுள்ள பெரிய வண்ணத்துப்பூச்சிகளும் தேன்சிட்டுகளும் தேன் குடிக்கும். காய் பழுத்துக் கறுத்ததும் கொண்டைக்குருவி வரும்.

பிள்ளைகள் பூவைப் பிடுங்கித் தேன் உறிஞ்சுவார்கள். அந்தச் செடியில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். மாவுப்பூச்சி தெரிந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டாலே பெரும்பாலும் போய்விடும்.