எல்லோர் கையிலும் துப்பாக்கி இருந்தால் திருடன் பயப்படுவானா?

யார் இடுப்பில் துப்பாக்கி இருக்கிறது என்று தெரியாவிட்டால், திருடன் யார்மேல் கைவைக்கவும் யோசிப்பான். கேட்டதும் தலையாட்ட வைக்கிற வாதம்தான். அமெரிக்காவில் இந்த வாதத்தை வைத்தே மாநிலம் மாநிலமாகச் சட்டத்தைத் தளர்த்தினார்கள். புளோரிடாவில் 1987-ல், டெக்சாஸில் 1996 ஜனவரியில், அப்படியே பல மாநிலங்களில், தகுதியுள்ளவர் கேட்டால் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துப்போக லைசென்ஸ் கொடுத்தே ஆகவேண்டும் என்றாகிவிட்டது. 2017 கணக்குப்படி அங்கே பொதுமக்கள் கையில் சுமார் 39 கோடி துப்பாக்கிகள், மக்கள்தொகையைவிட அதிகம்.

சரி, திருடர்கள் பயந்தார்களா? 1997-ல் ஜான் லாட், டேவிட் மஸ்டார்ட் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள், 1977 முதல் 1992 வரையிலான குற்றக் கணக்கைக் கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) வாரியாக அலசி, சட்டம் தளர்ந்த இடங்களில் கொலையும் வன்முறையும் குறைந்திருப்பதாக எழுதினார்கள். பெரிய செய்தியானது. ஆனால் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையா இது என்று பார்க்காமல் நம்பிவிட முடியாது.

அவர்கள் எடுத்துக்கொண்ட வருஷங்களைக் கவனியுங்கள். 1980களின் பிற்பகுதியில் கிராக் கொக்கைன் என்ற போதைப்பொருள் அமெரிக்கப் பெருநகரங்களுக்குள் புகுந்தது, விற்பனை எல்லைக்காக இளைஞர்கள் தெருவில் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டார்கள். அதிகம் அடிபட்ட நியூயார்க்கும் கலிஃபோர்னியாவும் அப்போது சட்டத்தைத் தளர்த்தாத மாநிலங்கள். தளர்த்தியவற்றில் மெய்ன், ஐடஹோ மாதிரி பெருநகரம் இல்லாத இடங்கள் நிறைய. அப்போ இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தளர்த்திய பக்கம் நல்லபடியாகத்தானே தெரியும்? கிராக் அலை ஓய்ந்ததும் நியூயார்க்கில் குற்றம் மளமளவென்று சரிந்தது. அந்தப் பிந்தைய வருஷங்களையும் சேர்த்து 2003-ல் இயன் அயர்ஸ், ஜான் டோனஹ்யூ என்ற சட்டப் பேராசிரியர்கள் கணக்குப் போட்டபோது, லாட் சொன்ன பலன் கரைந்துபோனது. அடுத்த வருஷம் அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் குழு, இருக்கிற தரவை வைத்துக் குற்றம் கூடியது என்றும் சொல்ல முடியாது, குறைந்தது என்றும் சொல்ல முடியாது என்று அறிக்கை கொடுத்தது.

இதற்கப்புறம் வந்த ஒரு முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. டெக்சாஸையே எடுத்துக்கொள்வோம். 1996-க்குப் பிறகு அங்கே வன்முறைக் குற்றம் குறைந்தது, உண்மைதான். ஆனால் அந்தக் காலத்தில் நாடு முழுக்கவே குறைந்துகொண்டிருந்தது. சட்டம் வராமல் இருந்திருந்தால் டெக்சாஸில் எவ்வளவு குறைந்திருக்கும் என்பதுதான் நமக்குத் தெரியவேண்டியது, அது நடக்கவே இல்லாத விஷயம், அதை எப்படி அளப்பது? டோனஹ்யூவும் அவரோடு இரண்டு பேரும் 2019-ல், அப்போது சட்டத்தைத் தளர்த்தாமல் இருந்த மாநிலங்களைக் குழம்புக்குப் பொடி கலக்கிற மாதிரி அளவு பார்த்துக் கலந்து, ஒரு செயற்கை டெக்சாஸை உருவாக்கினார்கள். அதில் பாதிக்கு மேல் கலிஃபோர்னியா, மிச்சத்தில் விஸ்கான்சின், கொஞ்சம் நெப்ராஸ்கா. 1996-க்கு முன் நிஜ டெக்சாஸின் குற்றவிகிதத்தோடு ஒட்டிப்போகிற மாதிரி அந்தக் கலவை. வரைபடத்தில் அதுவரை ஒட்டி ஓடுகிற இரண்டு கோடுகளும் அப்புறம் பிரிகின்றன. இரண்டுமே இறங்குகின்றன, ஆனால் செயற்கை டெக்சாஸ் வேகமாக இறங்க, நிஜம் பின்தங்கிவிடுகிறது.

சட்டத்தைத் தளர்த்திய 33 மாநிலங்களுக்கும் இப்படிச் செய்து பார்த்ததில், சட்டம் வந்து பத்து வருஷத்தில் வன்முறைக் குற்றம் இருந்திருக்க வேண்டியதைவிட 13 முதல் 15 சதவீதம் அதிகமாக இருந்தது. லாட் தரப்பு இதை ஏற்கவில்லை. ஆனாலும் புதிய ஆய்வுகள் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் சாய்கின்றன.

அச்சுறுத்த வேண்டிய துப்பாக்கி ஏன் குற்றத்தைக் கூட்ட வேண்டும்? துப்பாக்கி என்பது திருடனுக்குக் கிடைக்கிற நல்ல சரக்கும்கூட என்பதை மறந்துவிடுகிறோம். லைசென்ஸ் வைத்திருப்பவர், துப்பாக்கிக்கு அனுமதி இல்லாத ஒரு கட்டடத்துக்குள் போக, அதைக் கார் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டு இறங்குகிறார். வரிசையாக நிற்கிற கார்களின் கதவை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டே ஒருவன் வருகிறான், பூட்டாத ஒன்று திறக்கிறது. சட்டப்படி வாங்கிய துப்பாக்கி அன்றைக்கே கைமாறிவிட்டது. 47 பெருநகரங்களை வைத்து 2022-ல் வெளிவந்த ஆய்வில், சட்டம் தளர்ந்தபின் துப்பாக்கித் திருட்டு சுமார் 35 சதவீதம் கூடியிருந்தது, போலீஸ் துப்புத் துலக்கிய வன்முறை வழக்குகளின் விகிதம் சுமார் 13 சதவீதம் குறைந்திருந்தது. பிடிபடுவோம் என்கிற பயமும் அங்கே சேர்ந்தே குறைகிறது.

துப்பாக்கியை எடுத்துக் காட்டியதால் உயிர் தப்பியவர்கள் உண்டு, அதை மறுக்கக்கூடாது. ஆனால் எதிராளி கையில் என்ன இருக்கும் என்று நிதானமாக யோசித்துவிட்டு நடக்கிற கொலைகள் எத்தனை? குடிபோதையில் வாய்த்தகராறு, பார்க்கிங் சண்டை, பழைய பகை என்று பலவும் சில நொடிகளில் முடிந்துவிடுபவை. அங்கே கையில் கிடைத்த ஆயுதம் எது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. பாஸ்டனில் 2010 முதல் 2014 வரை நடந்த துப்பாக்கிச் சூடுகளை ஆராய்ந்த ஆந்தனி பிராகா, பிலிப் குக் என்ற இரண்டு ஆய்வாளர்கள், எத்தனை குண்டு பட்டது, உடம்பில் எங்கே பட்டது, என்ன சூழ்நிலை என்பதிலெல்லாம் பெரிய வித்தியாசம் இல்லாதபோதும், பெரிய குண்டு பட்டவர்கள் மிக அதிகமாகச் செத்திருப்பதைக் கண்டார்கள். எல்லாமே சின்னக் குண்டுத் துப்பாக்கிகளாக இருந்திருந்தால் அந்தக் கொலைகளில் கிட்டத்தட்ட 40 சதவீதம் நடந்திருக்காது என்பது அவர்கள் போட்ட கணக்கு.