கல் பொறுக்கப் போகும் பிள்ளைகளை எங்கே நிறுத்துவது?

பள்ளி விடுமுறை நெருங்கினால் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், பிள்ளைகளை ஈயக்குட்டைப் பக்கம் கூட்டிப்போய்க் கனிமம் சேகரிக்கலாமா?" நிலவியல் படித்து மலேசியாவின் பேராக் மாநிலத்தில் வேலை செய்பவன் நான். சேகரிக்கலாம், ஆனால் வெள்ளீயம் தோண்டியெடுத்த பள்ளத்தில் நீர் தேங்கிய அந்தக் குட்டைப் பக்கம் வேண்டாம் என்பதுதான் என் பதில்.

கோப்பெங் மாதிரியான தோட்டப் பட்டணத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை. கிழக்கே கருங்கல் மலைத்தொடர், சுற்றுவட்டாரத்தில் சுண்ணாம்புக் குன்றுகள், நடுவே செம்பனையும் ரப்பரும், அவற்றுக்கிடையே பழைய ஈய லம்பங்கள் (சுரங்கங்கள்) விட்டுப்போன குட்டைகள். 1985இல் ஈயச் சந்தை சரிந்த பிறகு மூடிய லம்பங்கள் பல. நாம் இடம் தேர்ந்தெடுக்கும்போது எங்கே நல்ல கல் கிடைக்கும் என்று பார்க்கிறோம். முப்பது பிள்ளைகள் எங்கே பத்திரமாக நிற்க முடியும் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

குட்டைக் கரை கடற்கரை போல மெல்லச் சரிவதில்லை. இரண்டடி வைத்தால் தரை சட்டென்று இறங்கிவிடும். அதைவிட மோசம், கழிவுச் சேறு படிந்த இடங்கள். மேலே வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும், பார்த்தால் உறுதியான தரை. கீழே ஆடை படிந்த கஞ்சிதான். பெரியவர் கால் வைத்தாலே புதையும். சுண்ணாம்புக் குன்றின் அடிவாரமும் அப்படித்தான் நம்ப முடியாதது. 1973இல் ஈப்போவின் குனோங் சீரோ சுண்ணாம்புக் குன்றில் பாறை சரிந்து அடிவாரத்து வீடுகளில் இருந்தவர்கள் மாண்டார்கள். மழையோ முன்னறிவிப்போ இல்லாமலும் கல் விழும். குவா தெம்புருங் போன்ற குகைகளைப் பார்க்க மட்டும் போகலாம், சுவரைத் தட்டக் கூடாது.

சரி, எங்கே போவது? என் தேர்வு, தோட்டத்து மண் சாலையில் கொட்டிக் கிடக்கும் கருங்கல் சரளை. கேட்டால் சப்பென்றிருக்கும். ஆனால் பளபளக்கும் மைக்கா, கண்ணாடியைக் கீறும் குவார்ட்ஸ், வெளிர் நிற ஃபெல்ட்ஸ்பார், அதிர்ஷ்டம் இருந்தால் கறுத்த வரிவரியான டூர்மலின் குச்சியும் அங்கேயே கிடைக்கும். மேனேஜரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அப்புறம் வேலையாட்களை மேய்க்கும் மண்டோரிடம் அன்று மருந்து தெளிக்கிறார்களா, பழக்குலை லோரி எத்தனை மணிக்கு வரும் என்று கேளுங்கள். இதை யாரும் கேட்பதில்லை!

காலையிலேயே போய் பதினோரு மணிக்குள் திரும்பிவிடுங்கள். மதியத்துக்கு மேல் மலையில் பெய்யும் மழை, வெயிலடிக்கும் இடத்து ஆற்றிலும் திடீரென வெள்ளத்தைக் கொண்டுவரும். நம்மூரில் அதைக் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். காலில் புண் உள்ள பிள்ளை தேங்கிய நீரில் இறங்கவே கூடாது, எலிச் சிறுநீர்க் காய்ச்சல் அப்படித்தான் தொற்றும்.

சுத்தியலைப் பெரியவர் மட்டும் பிடிக்கட்டும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு. தச்சுச் சுத்தியல் வேண்டாம், அதன் விளிம்பே சிதறிக் கண்ணில் பாயும். இரும்பின் மேல் இரும்பால் அடிப்பதும் கூடாது.

இனி, கல்லிலேயே உள்ள ஆபத்து. பிள்ளைகள் முதலில் ஓடிப் பொறுக்குவது வெள்ளி போல மின்னும் கல்லை. அது ஆர்சனோபைரைட்டாக இருக்கலாம். ஈயத்தோடு சேர்ந்து கிடைப்பது, ஆர்சனிக் என்ற நஞ்சு கலந்தது. உடைத்தால் பூண்டு வாடை வரும். கையில் எடுத்துப் பார்த்ததால் ஒன்றும் ஆகிவிடாது, ஆனால் பொடியாக்கவோ சூடாக்கவோ கூடாது. கை கழுவாமல் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கவும் விடாதீர்கள். லம்பக் கழிவில் கிடக்கும் கறுப்பு மணலான 'ஆமாங்'கையும் பை நிறைய வீட்டுக்குக் கொண்டுபோக விடாதீர்கள். அதில் மோனசைட் என்ற கனிமம் இருக்கும், மோனசைட்டில் கதிர்வீச்சுள்ள தோரியம் இருக்கும். கொஞ்ச மணலைப் பார்ப்பதில் பயமில்லை. அதன் தூசியை நாள்தோறும் சுவாசிப்பதுதான் பிரச்சினை.

ஈயக்கல் பார்த்தே தீர வேண்டும் என்றால் ஈப்போ நிலவியல் காட்சியகத்துக்கு அழைத்துப்போங்கள். தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டிய ஈயக் கப்பலும், அதாவது குட்டையில் மிதந்தபடி ஈய மண்ணை வாரிய இயந்திரமும், இருக்கிறது.

பொறுக்கிய கல்லை அங்கேயே பழைய செய்தித்தாளில் சுற்றி, எந்த இடம், எந்தத் தேதி என்று பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். பேனா மை வியர்வையில் கலைந்துவிடும்.