மண்ணைப் போட்டு மூடினால் தீ அணையாது

மார்ச் பிறந்தால் போதும், பெங்களூரைச் சுற்றி கனகபுரா ரோடு, ஆனேக்கல், மாகடி பக்கம் பண்ணை நிலம் வாங்கிப் போட்டிருக்கும் நம் ஆட்களிடமிருந்து ஒரே புலம்பல்தான். "சார், நேத்து சாயங்காலமே தீயை அணைச்சாச்சு. ஜேசிபி வச்சு மண்ணைத் தள்ளி மூடிட்டோம். இன்னைக்கு மத்தியானம் அதே இடத்துல மறுபடி பத்திக்கிச்சு. யாரோ வேணும்னே வச்சிருக்காங்க." யாரும் வைக்கவில்லை. நேற்று நீங்களே புதைத்து வைத்த தீதான் அது.

மண் தீயை அணைக்கும் என்பது பாதி உண்மை. மண்வெட்டியால் வெறும் மண்ணை அள்ளி, எரியும் புல்லின் அடியில் வீசினால் அணையும். ஜேசிபியின் பக்கெட் தள்ளிக்கொண்டு போவது வெறும் மண் இல்லை. புல், சருகு, உண்ணிச்செடி வேர், தைலமரப் பட்டை, காய்ந்த சாணி, நடுநடுவே கங்கு என எல்லாம் கலந்த குப்பை அது. அதை இடுப்புயரத்துக்குக் குவித்தால் சுடர் அடங்கும், புகையும் மெலியும். உள்ளே தணல் அப்படியே கிடக்கும். கரிமூட்டம் போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். விறகை அடுக்கி, மேலே மண் பூசி, மூச்சு விடக் கொஞ்சம் சந்து வைத்துத்தான் நாள்கணக்கில் கனிய விடுகிறார்கள். அதே வேலையைத்தான் ஏழரை டன் இயந்திரத்தை மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்து உங்கள் வேலியோரத்தில் நீங்களும் செய்கிறீர்கள். மறுநாள் பதினோரு மணிக்கு மேல் வெயில் ஏறி, ஈரம் வற்றி, காற்று எழும்பும்போது குவியல் வாய் திறக்கும். ஒரு பொறி பறந்தால் போதும், பக்கத்துத் தரிசு முழுக்கப் புல்தான்.

தைலமரத் தோப்பில் இன்னும் மோசம். வெட்டிவிட்ட அடிக்கட்டையில் தீ இறங்கினால் வேர் வழியாகவே ஊர்ந்து, தீயைத் தடுக்க நீங்கள் சுரண்டிய கோட்டின் அடியில் புகுந்து மறுபக்கம் தலை நீட்டும். மேலே மண் போட்ட ஆள் வீட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார்.

ஆகவே ஜேசிபியின் வேலை என்ன என்பதில் முதலில் தெளிவு வேண்டும். தீக்குத் தீனி கிடைக்காமல் செய்வதுதான் அதன் வேலை. வனத்துறை ஊழியர்கள் 'பெங்கி ரேகே' என்பார்கள். தமிழில் தீத்தடுப்புக் கோடு. அணைப்பதெல்லாம் தண்ணீரும் மண்வெட்டியும் ஆட்களும் பின்னால் வந்து செய்ய வேண்டியது.

கோட்டை எரிய எதுவும் இல்லாத இடத்திலிருந்து தொடங்குங்கள். தார் ரோடு, உழுத வயல், ஏரிக்கரை எதுவானாலும் சரி. நடுக்காட்டில் தொடங்கினால் தீ கோட்டின் வாலைச் சுற்றிவந்து உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கும். தீ ஏற்கெனவே தின்றுவிட்டுப் போன பின்பக்கத்திலிருந்து விலாவை, அதாவது தீயின் பக்கவாட்டை, ஒட்டியே முன்னேற வேண்டும். கருகிய தரை எப்போதும் ஓர் எட்டில் இருக்கட்டும். காற்று திரும்பினால் ஒதுங்க வேறு இடம் கிடையாது.

பக்கெட்டை மட்டமாக வைத்து, முதல் கியரில், மேல்தோலை மட்டும் சீவுங்கள். புல் நிலத்தில் மூன்று நான்கு அங்குலம் போதும். வேரும் சருகும் போய் செம்மண் தெரிய வேண்டும், அவ்வளவுதான். பள்ளம் தோண்டுகிற ஆர்வத்தில் பின்பக்கக் கையை இறக்குகிறவர்கள் ஒரு மணி நேரத்தில் ஐம்பது மீட்டர்கூடப் போக மாட்டார்கள். தீ அதற்குள் அடுத்த கிராமத்துக்குப் போயிருக்கும். முழங்கால் உயரப் புல்லுக்குக் குறைந்தது இரண்டு பக்கெட் அகலம், அதாவது சுமார் நான்கரை மீட்டர் வேண்டும். புதர் நிலத்தில் புதரின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு என்பது பழைய கணக்கு. காற்று பலமாக இருந்தால் அதுவும் போதாது.

சீவிய குப்பையை எந்தப் பக்கம் தள்ளுவது? எரியாத சுத்தமான குப்பை என்றால் வெளிப்பக்கம், பச்சையாக இருக்கும் பக்கம். அதில் ஒரே ஒரு கங்கு இருந்தாலும் கருகிய பக்கத்துக்குள் தள்ளி, குவிக்காமல் பரப்பி விடுங்கள். பரப்பினால் எரிந்து தீரும். குவித்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லியாகிவிட்டது.

தீயின் தலைக்கு, அதாவது காற்றோடு பாயும் முன்முனைக்கு, நேர் எதிரே இயந்திரத்தைக் கொண்டுபோய் நிறுத்துகிற வீரம் வேண்டவே வேண்டாம். "ஓனர் சொன்னாருண்ணே" என்று சொல்லும் ஆபரேட்டர் தம்பிகளுக்கு: வண்டி ஓனருடையது, உயிர் உன்னுடையது. கிருஷ்ணகிரியிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் இதற்காகவா வந்தாய்? ஏப்ரலில் இடி இடித்து வானம் கறுத்தால் 'மழை வந்து அணைச்சிடும்' என்று குதூகலிக்கிறவர்களுக்கும் ஒரு சொல். மாம்பழ மழைக்கு முன்னால் வருவது காற்று. அது எந்தத் திசையிலிருந்து அடிக்கும் என்று சொல்ல முடியாது. அதுவரை மெதுவாக எரிந்துகொண்டிருந்த நீளமான விலா முழுவதும் ஒரே நிமிடத்தில் தலையாக மாறிப் பாயும். வானம் கறுத்தால் கருகிய தரைக்குள் வண்டியைக் கொண்டுபோய்விட வேண்டும்.

சரிவும் அப்படித்தான். மேட்டை நோக்கி ஏறும் தீ, சரிவு பத்து பாகை கூடும்போது ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம் எடுக்கும். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் 23 பேர் இறந்ததும் புல் மூடிய மலைச்சரிவில்தான். ராமநகரத்துப் பாறைக்குன்றுகளில் தீ கீழே இருக்க, மேலே நின்று கோடு வெட்டுவது தற்கொலை. டயர் வண்டி குறுக்குச் சரிவில் கவிழ்வது தனிக்கதை. அங்கே டயருக்குப் பதில் செயினில் ஓடும் வண்டிக்குத்தான் வேலை, அதுவும் மேலும் கீழுமாக.

வண்டி கிளம்புமுன் செய்ய வேண்டியவை. எஞ்சினின் அடித்தகட்டிலும் சைலன்சரைச் சுற்றியும் ஒட்டியிருக்கும் காய்ந்த புல்லையும் எண்ணெய்ப் பிசுக்கையும் சுத்தமாக எடுங்கள். இப்படி எரிந்து போகும் வண்டிகளில் பலவும் வயிற்றுக்குள்ளிருந்தே பற்றியவை. ரேடியேட்டரை ஊதிச் சுத்தம் செய்யுங்கள். சாம்பலும் புல்விதையும் அரை மணியில் அடைத்துவிடும், வண்டி சூடேறித் தீயின் முன்னால் நிற்கும். கசியும் ஹைட்ராலிக் ஹோஸ் இருந்தால் அந்த வண்டி வேண்டாம். உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் எண்ணெய் கங்கில் பட்டால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. டீசல் முதலிலேயே நிரப்புங்கள். கேனில் கொண்டுவந்து களத்தில் ஊற்ற வேண்டாம். ஆறு கிலோ பவுடர் தீயணைப்பான் இரண்டு, குடிதண்ணீர், ஒரு கம்பளி கேபினுக்குள் இருக்கட்டும். பருத்திச் சட்டை, ஷூ. பனியனும் ரப்பர் செருப்புமாக ஏறுகிறவரை இறக்கி விடுங்கள்.

இயந்திரம் தனியாகப் போகக் கூடாது. புகையில் ஆபரேட்டருக்குப் பத்தடி தெரியாது. ஆபரேட்டரின் கண்ணில் படும் இடத்தில் நின்று காற்றையும் தீயையும் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். பின்னாலேயே பம்பு பூட்டிய டிராக்டர் டேங்கர் ஒன்று, நான்காயிரம் லிட்டராவது. மருந்தடிக்கும் தெளிப்பான் இரண்டு மூன்று இருந்தால் கங்கு அணைக்க அருமை, கழுவிவிட்டு எடுத்து வாருங்கள்.

மின்கம்பிக்குக் கீழே வண்டியின் கையைத் தூக்காதீர்கள். அடர்ந்த புகை வழியாகவே உயர் அழுத்தக் கம்பியிலிருந்து மின்சாரம் பாயலாம். கம்பி வண்டியில் பட்டுவிட்டால் கேபினிலேயே இருந்து, மின்சாரத்தைத் துண்டிக்கும்வரை யாரையும் கிட்ட விடாதீர்கள். வண்டியே பற்றி எரிந்தால் மட்டும் இரண்டு காலும் சேர்த்துத் தாவிக் குதித்து, காலைத் தூக்காமல் நகர்ந்து போங்கள். கனகபுரா ரோட்டோரம் காவிரி குடிநீர்க் குழாய், இன்னும் பல இடங்களில் எரிவாயுக் குழாய். அடையாளக் கல் தெரிந்தால் நிறுத்துங்கள்.

தப்ப முடியாமல் தீ சூழ்ந்தால் புல்லுக்குள் ஓடாதீர்கள். சீவிய வெறும் தரையில் வண்டியை நிறுத்தி, பக்கெட்டை இறக்கி, கண்ணாடியை ஏற்றி, ஜன்னல் மட்டத்துக்குக் கீழே குனிந்து கம்பளியைப் போர்த்துங்கள். புல் தீ கடந்துபோக ஓரிரு நிமிடம்தான். அந்த நிமிடங்கள் நீளமாகத் தெரியும்.

இன்னொன்று. வேலிக்கு அந்தப் பக்கம் காப்புக்காடு என்றால் அனுமதி இல்லாமல் ஜேசிபியை உள்ளே விடக் கூடாது. நல்லெண்ணம் வழக்கிலிருந்து காப்பாற்றாது. கர்நாடக வனத்துறைக்கு 1926, தீயணைப்புக்கு 101 அல்லது 112. வண்டிக்குச் சொல்லுமுன் இந்த எண்களுக்குச் சொல்லுங்கள். 2019 பிப்ரவரியில் பந்திப்பூர் எரிந்தபோது விமானப்படை ஹெலிகாப்டர்களே தண்ணீர் ஊற்ற வந்தன. அந்த அளவுக்குத் தீ வளர்ந்தபின் உங்கள் வாடகை ஜேசிபி என்ன செய்துவிடும்? காய்ந்த ஏரிக்குள் தீ என்றாலும் இறக்காதீர்கள். மேலே வெடித்த களிமண், அடியில் சேறு. வண்டி புதைந்தால் அதையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

கடைசியாக வாடகைக் கணக்கு. சுடர் அடங்கியதும் 'மீட்டர் ஓடுது' என்று வண்டியை அனுப்பிவிடுகிறீர்கள். தயவுசெய்து இன்னும் இரண்டு மணி நேரம் நிறுத்துங்கள். கோட்டிலிருந்து உள்ளே முப்பது மீட்டர்வரை ஒவ்வொரு குவியலையும் பிரித்துப் பரப்பச் சொல்லுங்கள். டேங்கர் தண்ணீரை ஊற்றி, மண்வெட்டியால் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். புறங்கையை மண்ணுக்கு மேலே பிடித்துச் சூடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் தொட்டுப் பாருங்கள். சாணி, அடிக்கட்டை, பழைய வேலிக்கம்பம் ஒன்றையும் விடாதீர்கள். சரிவில் நேராக இறங்கும் கோட்டுக்கு இடையிடையே குறுக்கு வரப்பு போட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஜூன் மழைக்கு அதுவே ஓடையாகிச் செம்மண் எல்லாம் ரோட்டுக்கு வந்துவிடும். மறுநாளும் அதற்கடுத்த நாளும், வெயில் உச்சியில் இருக்கும் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிக்குள், ஓர் ஆளை மண்வெட்டியும் தெளிப்பானுமாக அந்தக் கோட்டின் நீளத்துக்கும் நடக்க அனுப்புங்கள்.