உடைப்பு ஒரு தெருவில், தண்ணீர் வராதது வேறு தெருவில்

வேலூரில் கோடை வந்தால் கேட்கிற புலம்பல்தான் இது. கீழ்த்தெருவில் ரோடெல்லாம் நனைந்து கிடக்கும், சத்துவாச்சாரி மலையடிவாரத்து மேட்டு வீடுகளிலோ குழாயில் காற்றுதான் வரும். திட்டு வாங்குவது வால்வு திறப்பவர். அவர் சரியாகத்தான் திறந்திருப்பார். கீழே உடைப்பு வழியே தண்ணீர் ஓடினால் மேட்டில் அழுத்தம் விழுந்துவிடும்.

குழாய் வலைப்பின்னலைக் கையால் கணக்கிட 1936-இல் ஹார்டி கிராஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு வழி கொடுத்தார். ஒவ்வொரு சந்திப்பிலும் வருவதும் போவதும் சமம், எந்தக் குழாய் வளையத்தைச் சுற்றி வந்தாலும் அழுத்த இழப்புகளைத் திசைக்கேற்பக் கூட்டிக் கழித்தால் பூஜ்யம், அவ்வளவுதான். இன்று அந்த வேலையை எபாநெட் என்ற இலவச மென்பொருள் நொடியில் முடித்துவிடும்.

ஆனால் பழைய கணக்கில் ஒரு பொறி உண்டு. இந்த வீட்டுக்கு இத்தனை லிட்டர் என்று முதலிலேயே எழுதிவிடுவார்கள். குழாய் உடைந்தாலும் கணினி அந்தத் தண்ணீரைக் கொடுத்தே தீரும், அதற்காக மேட்டுத் தெருவில் அழுத்தம் மைனஸ் 20 மீட்டர் என்றுகூடச் சொல்லும் (தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறும் என்று மீட்டரில்தான் இங்கே அழுத்தத்தை அளப்பார்கள்). முழு வெற்றிடமே சுமார் மைனஸ் 10 மீட்டர்தான்! அதனால் இப்போது அழுத்தம் எவ்வளவோ அதற்கேற்பத்தான் வீட்டுக்குத் தண்ணீர் என்று கணக்கிடுகிறார்கள். 2020-இல் வந்த எபாநெட் 2.2-இல் இந்த வசதி உண்டு. உடைப்பை யாராலும் மூட முடியாத ஒரு குழாயாக வைத்துக்கொள்கிறார்கள்.

அந்தக் குழாய் எவ்வளவு குடிக்கும்? 15 மீட்டர் உயர அழுத்தத்தில் ஒரு சென்டிமீட்டர் அகல ஓட்டை மணிக்குச் சுமார் 2,900 லிட்டரை வெளியேற்றும். அழுத்தத்தைப் பாதியாக்கினால் கசிவும் பாதியாகுமா? ஆகாது, வர்க்கமூலக் கணக்கு என்பதால் சுமார் 70 சதவீதம் போய்க்கொண்டே இருக்கும். இது இரும்புக் குழாயில் உள்ள வட்ட ஓட்டைக்கு. பிளாஸ்டிக் குழாயில் நீளவாக்கில் விழுந்த விரிசல் என்றால் கதையே வேறு, அழுத்தம் ஏற ஏற விரிசலே வாயைத் திறக்கும், குறைத்தால் மூடிக்கொள்ளும், அங்கே பாதி அழுத்தத்தில் கசிவு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக்கூட இறங்கிவிடும்.

அப்புறம், நம் ஊர்ச் சிக்கல். குழாய் எப்போதும் நிரம்பியிருக்கும் என்றுதான் எபாநெட் நம்புகிறது. சில மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் ஊரில் வால்வை மூடியதும் குழாய் காலியாகும், அதே ஓட்டை வழியே வெளியே தேங்கிய சாக்கடை உள்ளே போகலாம். இதில் சிலர் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சுவது வேறு! இப்படிக் காலியாகி நிரம்பும் குழாயைக் கணக்கிடச் சிலர் மழைநீர் வடிகாலுக்கான மென்பொருளைக் கடன் வாங்குகிறார்கள், அதற்குக் குழாய் நிரம்புவதையும் வடிவதையும் கணக்கிடத் தெரியும்.

நள்ளிரவில் ஊர் தூங்கும்போது ஓடும் தண்ணீரை அளந்து கசிவைப் பிடி என்று பாடப்புத்தகம் சொல்லும். இரவில் தண்ணீரே விடாத ஊரில் அது நடக்காது. விடுகிற நேரத்தில் தெருத்தெருவாக வால்வை மூடி, எந்தத் தெருவை மூடும்போது அழுத்தமானி எதிர்பார்த்ததைவிட அதிகமாக ஏறுகிறது என்று பார்த்து, அந்தத் தெருவில் தோண்ட வேண்டியதுதான்.