பாலியூரித்தேனில் யூரித்தேன் எங்கே இருக்கிறது?

மெத்தைக்குள் இருக்கும் ஃபோம், செருப்பின் பி.யூ. சோல், தச்சர் கதவுக்கு அடிக்கும் பி.யூ. பாலிஷ் மூன்றும் ஒரே குடும்பம். அந்தப் 'பி.யூ.'வின் முழுப்பெயர் பாலியூரித்தேன்.

'பாலி' கிரேக்கச் சொல். பல என்று பொருள். 'யூரித்தேன்' 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து வந்தது. யூரியாவிலிருந்து 'யூர்', எத்திலிலிருந்து 'எத்'. யூரியா என்ற சொல்லின் வேர் சிறுநீரைக் குறிக்கும் கிரேக்கச் சொல். கடைசியில் வரும் 'தேன்' மீத்தேன், ஈத்தேனை நினைவூட்டினாலும் யூரித்தேன் அந்த வகை ஹைட்ரோகார்பன் அல்ல. அது எத்தில் கார்பமேட் என்ற தனிச் சேர்மம்.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. பாலித்தீன் என்றால் எத்திலீன் மூலக்கூறுகள் பல சேர்ந்தது. அதே கணக்கில் யூரித்தேன் பல சேர்ந்தால் பாலியூரித்தேன் என்று மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். அப்படி இல்லை. ஐசோசயனேட்டு (-NCO தொகுதி கொண்ட சேர்மம்) ஒரு பக்கம், ஹைட்ராக்சில் (-OH) தொகுதிகள் பல கொண்ட பாலியால் மறுபக்கம். இரண்டும் கைகோக்கும் இடத்தில் விழும் முடிச்சு எத்தில் கார்பமேட்டில் இருக்கும் அதே முடிச்சு. அதற்குத்தான் யூரித்தேன் பிணைப்பு என்று பெயர். 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவருடைய குழுவினரும் கண்டுபிடித்தது இந்த முடிச்சுப் போடும் வழியை. முடிச்சுகளுக்கு நடுவில் எந்த நூல் இருந்தாலும் பெயர் மாறாது. அதனால்தான் பெட்ரோலியப் பாலியால் இருந்த இடத்தில் தாவர எண்ணெய் வந்து உட்கார முடிகிறது.

எல்லா எண்ணெயும் அப்படியே உட்காராது. சோயா எண்ணெயில் ஹைட்ராக்சில் கிடையாது. இரட்டைப் பிணைப்புகள்தான் உண்டு. முதலில் ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு அவற்றை எப்பாக்சி வளையங்களாக்கி (இரண்டு கார்பனும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்த முக்கோணங்கள்), அப்புறம் மெத்தனால் போன்ற ஒன்றால் வளையத்தைத் திறந்தால்தான் பாலியால் கிடைக்கும். நம் விளக்கெண்ணெய்க்கு இந்த வேலை எதுவும் தேவையில்லை. அதன் கொழுப்பு அமிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு ரிசினோலிக் அமிலம். சங்கிலியின் 12ஆவது கார்பனில் ஹைட்ராக்சில் பிறவியிலேயே இருக்கிறது. ('ரிசினஸ்' என்றால் லத்தீனில் உண்ணி. ஆமணக்கு விதையைக் கையில் எடுத்துப் பாருங்கள், ரத்தம் குடித்த மாட்டுண்ணி மாதிரியேதான் இருக்கும்.)

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விளக்கெண்ணெயின் ஹைட்ராக்சில் எண் ஏறத்தாழ 160. ஒரு கிராம் எண்ணெயில் உள்ள ஹைட்ராக்சில், 160 மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்குச் சமம் என்று பொருள். ஒரு மோல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடின் எடையான 56,100 மில்லிகிராமை 160ஆல் வகுத்தால் சுமார் 350. அதாவது 350 கிராம் எண்ணெயில் ஒரு மோல் ஹைட்ராக்சில் இருக்கிறது. டொலுயீன் டைஐசோசயனேட்டின் ஒரு மூலக்கூறில் இரண்டு ஐசோசயனேட்டுத் தொகுதிகள் இருப்பதால், அதில் அரை மோல், அதாவது 87 கிராம் போதும். வார்த்தெடுக்கும் ரப்பர் போன்ற பொருளின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு ஆமணக்கு! மிச்சம் ஒரு பங்கு இன்னும் பெட்ரோலியத்திலிருந்துதான் வருகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நுரை வேண்டுமென்றால் கொஞ்சம் தண்ணீரும் வினையூக்கியும் சேர்ப்பார்கள். ஐசோசயனேட்டு தண்ணீரோடு வினைபுரிந்து கார்பன் டைஆக்சைடை விடும். காகிதக் கோப்பையில் கலக்கியதும் மஞ்சள் எண்ணெய் பால்போல் வெளுக்கும், பிறகு உப்பி விளிம்பைத் தாண்டும். கோப்பையைத் தொட்டால் சூடு தெரியும். ஐசோசயனேட்டின் ஆவி மூச்சுக்குழாயைக் கெடுக்கும். அதனால் புகை உறிஞ்சும் பெட்டிக்குள்தான் இதைச் செய்ய வேண்டும், வீட்டில் வேண்டவே வேண்டாம்.

செய்தது சரியா என்று பார்ப்பதை (ஆங்கிலத்தில் characterization) 'பண்பறிதல்' என்கிறேன். 'குணாதிசயப்படுத்தல்' என்று எழுதுவதைவிட இது தெளிவு. மூலக்கூறு எந்த அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சுகிறது என்று காட்டும் அகச்சிவப்பு நிறமாலையில் 2270 செ.மீ.⁻¹ அருகே ஐசோசயனேட்டின் கூர்மையான முகடு நிற்கும். வினை முன்னேற முன்னேற அது தேய்ந்து மறையும். 1700-1730 பக்கம் யூரித்தேனின் கார்பனைல் (C=O) முகடு தலைதூக்கும். முதல் முகடு மிஞ்சியிருந்தால் வினை முடியவில்லை, அல்லது ஐசோசயனேட்டு கூடிவிட்டது. கரைப்பானில் ஊறப்போட்டு எவ்வளவு வீங்குகிறது என்று பார்த்தால் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்பின் நெருக்கம் தெரியும். குறைவாக வீங்கினால் வலை நெருக்கமானது.

சரி, தமிழில் என்ன சொல்வது? பாலிமருக்கு இங்கே பலபடி, இலங்கையில் பல்பகுதியம். இரண்டும் நல்ல சொற்கள். பாலியூரித்தேனை முதல் முறை எழுதும்போது 'யூரித்தேன் பிணைப்புப் பலபடி' என்று விரித்துச் சொல்லிவிட்டு, பிறகு பாலியூரித்தேன் என்றே எழுதலாம். 'யூரித்தேன்' பன்னாட்டு வேதிப்பெயர், அதை மொழிபெயர்க்கத் தேவையில்லை. முடிச்சை விளக்கும் 'பிணைப்பு' மட்டும் ஒருமுறையாவது கண்ணில் பட வேண்டும். தாவர எண்ணெய் போன்ற மூலப்பொருளுக்கு (ஆங்கிலத்தில் renewable) வழங்கும் 'புதுப்பிக்கத்தக்க' என்பதில் எனக்கு மனக்குறை உண்டு. வீட்டையும் உரிமத்தையும் புதுப்பிப்போம். எண்ணெய் வித்து ஆண்டுதோறும் விளைகிறது. 'மீள விளையும் மூலப்பொருள்' என்றால் உழவருக்கும் புரியும். ஆய்வேட்டுக்குத் தலைப்பு வைக்கும் மாணவர் 'ஆமணக்கெண்ணெய்ப் பாலியூரித்தேன்: ஆக்கமும் பண்பறிதலும்' என்று தயங்காமல் வைக்கலாம்.