புற்றுக்குள் எத்தனை டிகிரி?

பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிற தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “பாம்பு வளர்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை சார். முதல்ல எதை வாங்கலாம்? எதுல வச்சு வளர்க்கணும்? வீட்ல அம்மா சத்தம் போடுதாங்க.”

அம்மாவைச் சமாதானப்படுத்துவது தம்பி பாடு. மற்ற இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். வயக்காட்டுச் சாரையோ, குளத்துத் தண்ணிப்பாம்போ, களக்காட்டு மலைப்பாம்போ, நம் ஊர்ப் பாம்பைப் பிடித்து வீட்டில் வைக்க 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. வெளிநாட்டு இனம் என்றால், அது சைட்டிஸ் என்னும், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். பந்துபோல் சுருளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பான பால் பைதான் (ball python) அந்தப் பட்டியலில் உண்டு, அமெரிக்கப் பாம்பான கார்ன் ஸ்நேக் (corn snake) இல்லை. இல்லையென்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதீர்கள். சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் சுருட்டிவைத்துக் கடத்திய பாம்புகள் பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகிறது. எங்கே பிறந்தது என்று எழுதித் தராதவரிடம் வாங்கவே வேண்டாம்.

புதிதாக வளர்ப்பவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படுபவை பால் பைதானும் கார்ன் ஸ்நேக்கும்தான். விஷமில்லை, சாது, நாலைந்து அடிக்குள் அடங்கும். ஆனால் இரண்டின் வயிறும் ஒன்றல்ல. எனக்கு அலுக்கவே அலுக்காத சங்கதி இது.

மலைப்பாம்பு வகைகள் பதுங்கிக் கிடந்து இரை பிடிப்பவை. பால் பைதானும் அந்தக் குடும்பம்தான். அடுத்த சாப்பாடு என்றைக்கு என்பது அதற்கே தெரியாது. வேலையில்லாத குடலைப் பராமரிப்பதும் உடம்புக்குச் செலவுதானே? அதனால் அதைச் சுருக்கி வைத்துவிடுகிறது. பட்டினி கிடக்கும் பர்மிய மலைப்பாம்பின் இரைப்பையில் அமிலம் இருப்பதில்லை. பிஹெச் அளவு (இது குறையக் குறைய அமிலம் அதிகம்) 7ஐ ஒட்டி நிற்கும். ஒரு எலி உள்ளே போனால் போதும், ஒரே நாளில் அது 2க்கு இறங்கிவிடுகிறது. இரண்டு நாளில் சிறுகுடலின் எடை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. குடல் செல்களின் மேல் இருக்கும் நுண்ணிய உறிஞ்சிகள் பல மடங்கு நீள்கின்றன. இதயமும் சும்மா இருப்பதில்லை: 2005இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வில், இரை விழுங்கிய 48 மணி நேரத்தில் அதன் கீழறை 40 சதவீதம் பெருத்திருந்தது. செரித்து முடிந்ததும் எல்லாம் பழையபடி சுருங்கிவிடும். கல்யாணத்துக்கு மட்டும் கோட்டையடுப்பு மூட்டி, பந்தி முடிந்ததும் அணைத்துவிடுகிற கணக்கு.

இந்த ஆய்வுகள் அமெரிக்காவிலும் டென்மார்க்கிலும் நடந்தவை. முண்டந்துறைக் காட்டை வாசலில் வைத்திருக்கும் நாம் இப்படி ஒரு ஆய்வுக்குப் பணம் கேட்டால், “இதனால் என்ன பிரயோஜனம்?” என்பார்கள். தானாகப் பெருத்துத் தானாகச் சுருங்கும் இதயத்தைப் பார்த்து அப்படிக் கேட்பவருக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது.

கார்ன் ஸ்நேக் தேடித் திரிந்து தின்கிற வகை. அடுப்பை அந்த அளவுக்கு அணைப்பதில்லை. அதனால் ஒழுங்காகச் சாப்பிடும். பால் பைதான் சில சமயம் மாதக்கணக்கில் இரையைத் திரும்பிப் பார்க்காது. முதல்முறை வளர்ப்பவர் பயந்தே போவார். என் ஓட்டு கார்ன் ஸ்நேக்குக்குத்தான்.

எந்தப் பாம்பானாலும் செரிமானத்துக்கு வேண்டிய சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். குளிர்ந்துவிட்டால் நொதிகள் மந்தமாகி, இரை வயிற்றிலேயே அழுகும், பாம்பு கக்கிவிடும். சூடு 38, 40 டிகிரிக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. எனவே கூண்டின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளுமையாகவும் இருக்க வேண்டும், வேண்டிய இடத்துக்குப் பாம்பே நகர்ந்துகொள்ளும். கார்ன் ஸ்நேக்குக்கு 29, 30 டிகிரி ஒரு பக்கம்; 24, 25 மறுபக்கம்.

வெளிநாட்டுக் காணொளிகளில் சூடேற்றும் விளக்கைப் பற்றியே பேச்சாக இருக்கும். அவர்கள் ஊரில் குளிர்தான் எதிரி. திருநெல்வேலியில் சித்திரை வெயில்தான் எதிரி. மார்கழி விடியற்காலைக்குத் தெர்மோஸ்டாட் வைத்த சின்ன ஹீட்டிங் பாய் போதும். மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள அறை கூடவே கூடாது. மின்விசிறியும் உதவாது: பாம்புக்கு வியர்க்காது, 37 டிகிரிக் காற்றை எவ்வளவு வீசினாலும் உடம்பு 37க்குக் கீழே வராது.

பால் பைதானின் சொந்த ஊரான மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளியிலும் இதே வெயில்தான். அது பகலெல்லாம் எலி வளையிலும் கறையான் புற்றிலும் கிடக்கிறது. வெளியே கொதிக்கும்போதும் உள்ளே சூடு அதிகம் ஏறாது, ஈரமும் காயாது. சங்கரன்கோவில் புற்றுமண் என் வீட்டிலும் ஒரு டப்பாவில் இருக்கிறது, அதில் எனக்குச் சண்டையில்லை. புற்றில் பால் ஊற்றுவதில்தான் சண்டை. பாம்பு பால் குடிக்கிற பிராணியே இல்லை, கறையான் கட்டிய வீடு நாறுவதுதான் மிச்சம்.

கூண்டுக்குள்ளும் ஒரு புற்று வேண்டும். காருகுறிச்சி மண்பானை ஒன்றைக் கவிழ்த்து, விளிம்பில் வாசல் வெட்டி, அடியில் ஈரத் தென்னைநார்த் தூள் பரப்பிக் குளுமையான முனையில் வையுங்கள். பூச்சில்லாத பானையாக இருக்கட்டும். நீர் ஆவியாகும்போது உள்ளே சூடு குறையும், சட்டை உரிக்கவும் அந்த ஈரம் உதவும். தூளைக் கையில் பிழிந்தால் சொட்டக் கூடாது. சொட்டினால் வயிற்றுச் செதில் புண்ணாகும். பாம்பு சுருண்டால் முதுகு பானையில் உரசுகிற அளவே போதும், பெரிதாக இருந்தால் அதற்குப் பாதுகாப்புணர்வு வராது. சூடான முனையிலும் ஈரமில்லாத மறைவிடம் ஒன்று தேவை.

வளர்ந்த பாம்புக்குக் கூண்டு 4 அடி நீளம், 2 அடி அகலம் வேண்டும். மூடிக்குக் கொக்கி கட்டாயம். தலை நுழைகிற இடுக்கில் உடம்பும் நுழைந்துவிடும். உறையவைத்து விற்கும் எலியை, குளிர் முழுதும் போன பிறகு கொடுங்கள். வயலில் பிடித்த எலி வேண்டாம், அது மருந்து தின்றிருக்கலாம். இரை போட்டு இரண்டு நாள் பாம்பைத் தூக்காதீர்கள். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சால்மோனெல்லா என்னும் வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கலாம்.

தம்பி, பாம்புக்கு முன்னால் கூண்டை வாங்குங்கள். சித்திரையில் ஒரு வாரம் காலியாகவே வைத்து, இரண்டு முனையிலும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் போட்டு, மதியம் 3 மணிக்கு எழுதி வையுங்கள். பானைக்குள் 30க்கு மேல் காட்டினால் வேறு அறை பாருங்கள்.