மதிப்பு 2×2 அணிதானே என்று நம்பிவிடும் முன்

நாகர்கோவிலில் முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஃபங்ஷனல் அனாலிசிஸ் நடத்திவரும் நான், அவர்களுடைய வரைவுகளில் அடிக்கடி காணும் ஒரு பிழையைக் குறித்து இங்கே எச்சரிக்க விரும்புகிறேன்: முழு இயற்கணிதத்துக்கு நிறுவிய தேற்றத்தை, அதன் ஓர் உள்வெளிக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்வது. அதே பிழையை நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். ஆய்விதழ் ஒன்று என் கட்டுரையைத் திருப்பியனுப்பிய பிறகே அது எனக்கு உறைத்தது.

மிகை உறுப்பை (அணியானால் ஐகன் மதிப்பு எதுவும் எதிர்மமாகாத தன்னிணை அணி, சார்பானால் எங்கும் எதிர்மமாகாத மெய்ச்சார்பு) மிகை உறுப்பாகவே அனுப்பும் நேரியல் உருமாற்றம் மிகை உருமாற்றம். அத்தகைய உறுப்புகளாலான அணி எந்த அளவினதாக இருந்தாலும், அதில் உறுப்புவாரியாகச் செலுத்தும்போது அப்பண்பு நிலைத்தால் அது முழுமிகை. நிரை நிரல் மாற்று, மிகை உருமாற்றமாக இருந்தும் முழுமிகையாவதில்லை. ஒரு முழுமிகை உருமாற்றத்தோடு, நிரை நிரல் மாற்றுடன் சேர்த்தால் முழுமிகையாகும் மற்றொன்றைக் கூட்டிப் பெறப்படுவதே பிரிக்கத்தக்க உருமாற்றம். 2×2 அணிகளிலிருந்து 2×2 அணிகளுக்குச் செல்லும் மிகை உருமாற்றங்கள் யாவும் பிரிக்கத்தக்கவை என்று கணிதர் ஸ்டோர்மர் 1963இல் நிறுவினார். 3×3இலிருந்து 3×3க்குச் செல்லும்போது அது பொய்த்துவிடும் என்பதற்குச் சோய் 1975இல் எடுத்துக்காட்டுத் தந்தார்.

பிழை இங்கேதான் நுழைகிறது. ஸ்டோர்மரின் களம், அதாவது உருமாற்றம் புறப்படும் வெளி, முழு அணி இயற்கணிதம். வரைவுகளில் களமாக வரும் ஆபரேட்டர் சிஸ்டமோ அலகு உறுப்பைக் கொண்ட, இணையெடுத்தலுக்கு அடைவுபெற்ற உள்வெளி மட்டுமே, அதற்குள் இரண்டு உறுப்புகளைப் பெருக்கினால் விடை வெளியே போய்விடலாம். சென்ற ஆண்டு மார்த்தாண்டத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர், "சார், மதிப்பு 2×2 அணிதானே, களமும் பரிமாற்று இயற்கணிதத்துக்குள்தானே கிடக்கிறது, பிரிக்கத்தக்கதாகத்தானே இருக்கும்?" என்று கேட்டார். பரிமாற்று இயற்கணிதம் (பெருக்கலில் வரிசை மாறினாலும் விடை மாறாதது) முழுவதிலும் வரையறுத்த மிகை உருமாற்றம் தானாகவே முழுமிகையாகும் என்னும் ஸ்டைன்ஸ்பிரிங்கின் 1955ஆம் ஆண்டு முடிவை மனத்தில் வைத்துக் கேட்ட கேள்வி அது.

கரும்பலகையில் அலகு வட்டத்தை வரைந்தேன். வட்டத்தின் புள்ளியைக் கலப்பெண்ணாக இசட் என்று குறித்து, அதன்மேல் 1, இசட், இசட்டின் இணை ஆகிய மூன்று சார்புகளும் பரப்பும் வெளியை எடுத்துக்கொள்வோம். அதில் அ + ஆ·இசட் + இ·இசட்-இணை என்ற சார்பை, மூலைவிட்டத்தில் அ, அ என்றும், மேல் வலத்தில் 2ஆ, கீழ் இடத்தில் 2இ என்றும் அமைந்த 2×2 அணிக்கு அனுப்புவோம். சார்பு மிகையாக இருக்க, இ என்பது ஆவின் இணையாகவும், அ என்பது ஆவின் மட்டு மதிப்பின் இருமடங்குக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். அணி மிகையாகவும் அதே நிபந்தனைதான். ஆகவே இது மிகை உருமாற்றம். ஆனால் இசட்டின் நார்ம் (அளவு) 1, அதன் பிம்பத்தின் நார்ம் 2.

இது பிரிக்கத்தக்கதாக இருந்திருந்தால், ஆபரேட்டர் சிஸ்டத்தின் முழுமிகை உருமாற்றத்தை முழு இயற்கணிதத்துக்கும் முழுமிகையாகவே நீட்டலாம் என்னும் ஆர்வெசனின் 1969ஆம் ஆண்டு விரிவாக்கத் தேற்றப்படி இரு பகுதிகளும் வட்டத்தின் எல்லாத் தொடர்ச்சியான சார்புகளுக்கும் விரிந்திருக்கும், கூட்டலும் அங்கே மிகையாக இருந்திருக்கும். முழு இயற்கணிதத்தின்மேல் மிகை உருமாற்றத்தின் நார்ம், அலகின் பிம்பத்தின் நார்மைத் தாண்டாது. இங்கே அது 1. எனவே 2 வர வழியில்லை. விரிவாக்கம் முழுமிகைக்குக் கிடைக்கும் சலுகை, வெறும் மிகைக்கு அது கிடையாது. என் கட்டுரையில் நான் சொல்லாமலே பயன்படுத்தியிருந்ததும் அந்தச் சலுகையைத்தான்.

ஆபரேட்டர் சிஸ்டத்தில் பாதுகாப்பாகக் கையாளக்கூடியது, ஸ்டோர்மர் 1982இல் தந்த அளவுகோல்: உறுப்புகளின் ஓர் அணியும், அதன் நிரைகளையும் நிரல்களையும் இடம் மாற்றிய அணியும் ஒருங்கே மிகையாகும்போதெல்லாம் பிம்ப அணியும் மிகையாக வேண்டும். பெருக்கலுக்கும் இணையெடுத்தலுக்கும் அடைவுபெற்ற சி-ஸ்டார் இயற்கணிதங்களுக்காகவே எழுதப்பட்டது என்றாலும், அதன் நிறுவல் ஆர்வெசனின் விரிவாக்கத்தை நம்புவதால் இங்கும் செல்லுபடியாகிறது. அதற்கு முன்பே நார்மைக் கணக்கிட்டுப் பார்ப்பது இன்னும் மலிவான சோதனை. பல வரைவுகள் அதிலேயே விழுந்துவிடுகின்றன.

அந்த மாணவர் தம் வரைவில் நான்கு பக்கங்களை அடித்துவிட்டார். கரும்பலகையில் எழுதிய எடுத்துக்காட்டு இப்போது அவருடைய ஆய்வேட்டின் இரண்டாம் இயலில், தேற்றத்துக்கு முன்பாகவே வருகிறது.